மேட்டில் கிடந்த பித்தளைக் கூடு

ராய் ஸ்ட்ரவுட் கதவைத் தட்டாமலே உள்ளே வந்தபோது, வேட்டைக் காவல் வார்டன் ஹால்வர் பிரெக்கி தன் வீட்டு அடுப்பில் பன்றி இறைச்சி வறுத்துக்கொண்டிருந்தார். கால்நடை மருத்துவர் ஈனிட் பிரிட்சர்ட் மேசையில் காப்பியோடு உட்கார்ந்திருந்தாள். இரவெல்லாம் ஒரு பசுவுக்குப் பிரசவம் பார்த்துவிட்டு வீடு திரும்பும் வழி அவளுக்கு.

“ஷெரிஃப் என் துப்பாக்கியை எடுத்துட்டுப் போயிட்டார்,” என்றார் ராய். “கனிஷைச் சுட்டது நான்தானாம்.”

ஹால்வர் அடுப்பைத் தணித்தார். “முதல்ல உட்காரு. பனிச் சப்பாத்தோட நிக்காதே, தரையெல்லாம் ஈரம்.”

ராய் உட்கார்ந்தார். ஆல்டர் ஃபோர்க்கில் பள்ளிப் பேருந்து ஓட்டுபவர் அவர். வேட்டைக் காலம் வந்துவிட்டால் போய்ஸி நகரத்திலிருந்து வருகிறவர்களை மலைக்குக் கூட்டிக்கொண்டு போவார். அந்த இரண்டு வேலையிலும் ஊர் தன்னை நம்பினால்தான் பிழைப்பு.

நடந்தது ஊருக்கே தெரியும். சனிக்கிழமை காலை பனிமூட்டத்தில், ஆடு மேய்க்கும் கனிஷ் எச்செவெரியின் முழங்காலில் எங்கிருந்தோ வந்த குண்டு பாய்ந்து மறுபுறம் போய்விட்டது. சுட்டவன் யாராக இருந்தாலும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கனிஷின் நாய் கூடாரத்துக்கு ஓடிப்போய்க் குரைத்ததால்தான் அவனுடைய ஒன்றுவிட்ட தம்பி வந்து அவனைத் தூக்கிக்கொண்டு போனான். எதிர்மேட்டில் தேடிய ஷெரிஃப்புக்கு, சுட்டபின் வெளியே தெறித்த ஒரு பித்தளைத் தோட்டாக் கூடு கிடைத்தது. அடியில் கடைத் தோட்டாவின் முத்திரை, ‘30-06’; ஊர்ப் பேச்சில் முப்பது-ஆறு.

“அன்னைக்கு அந்த மலையில நான் தனியாத்தான் இருந்தேன். நான் போடறதும் அதே தோட்டாதான்,” என்றார் ராய். “ரெண்டு அம்மாமார் போன் பண்ணி, இனிமே பிள்ளைகளை நாங்களே பள்ளிக்கூடத்துல விட்டுக்கறோம்னு சொல்லிட்டாங்க. நான் சுடலை, ஹால்வர். சுட்டிருந்தா அவனை முதுகுல தூக்கிட்டு வந்திருப்பேன்.”

“அது தெரியும்,” என்றார் ஹால்வர். “ஆனா எனக்குத் தெரிஞ்சது ஜூரிக்குப் போதாது. சாப்பிடு.”

*

ஐம்பதுகளின் நடுவில் எங்கள் ஊரில் தொலைக்காட்சி இன்னும் வந்திருக்கவில்லை. வியாழக்கிழமை மாலைகளில் துப்பாக்கிப் பட்டறையின் பின்னறையில் கூடுவார்கள். பட்டறைக்காரர் யூலியஸ் வென்சல் செத்துப்போய் இரண்டு வருடம் ஆகியும் அவருடைய மனைவி அந்த அறையைப் பூட்டவில்லை. ஹக்கிள்பெர்ரிப் பழம் வைத்துப் பலகாரம் சுடுவதையும் நிறுத்தவில்லை. சுட்ட கூட்டையே திரும்ப எடுத்து, வெடிமருந்தும் குண்டும் வைத்துத் தங்கள் தோட்டாவைத் தாங்களே அடைத்துக்கொள்ளும் கூட்டம் அது. மருந்தின் லேசான காரநெடி, எண்ணெய், காப்பி எல்லாம் கலந்த அந்த அறையின் வாசனை இப்போதும் எங்களில் சிலருக்கு மூக்கில் நிற்கிறது.

சண்டை எப்போதும் ஒன்றுதான். துப்பாக்கிக்குள் தோட்டா உட்காரும் அறையை எல்லாரும் வைத்திருக்கும் பொது அளவில் வைத்துக்கொள்வதா, தனக்கென்று ஓர் அளவில் கடைந்துகொள்வதா?

“மலைக்கு மேல தோட்டா தீர்ந்து போச்சுன்னா நீ என்ன பண்ணுவ?” என்பார் ராய். “நான் பெட்ரோல் பங்க்ல கூட வாங்கிப்பேன். நீ வீட்டுக்கு வந்து மூணு நாள் கூட்டைத் தேய்ச்சுட்டு இருப்ப. அதுக்குள்ள மான் கனடாவுக்கே போயிடும்.”

“கடைச் சட்டை உனக்குப் போதும், ராய்,” என்பார் ஹார்டுவேர் கடை கிளிஃபர்ட் ஆமண்ட்சன். “எனக்கு அளவெடுத்துத் தைக்கணும்.”

கிளிஃபர்டின் துப்பாக்கியை வென்சல் கடைந்து கொடுத்திருந்தார். அந்த அளவு உலகத்தில் தன் ஒருவரிடம்தான் இருக்கிறது, கடைத் தோட்டா எதுவும் அதற்குள் நுழையாது என்று கிளிஃபர்ட் சொல்வார். எதிலிருந்து அந்தக் கூட்டைச் செய்கிறார் என்று மட்டும் சொல்ல மாட்டார். சுட்டதும் கூட்டைக் குனிந்து எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். அதைக் கையில் வாங்கிப் பார்த்தவர் யாரும் இல்லை. மனிதருக்கு ஒரு கர்வம், இருந்துவிட்டுப் போகட்டும் என்று எல்லாரும் விட்டுவிட்டார்கள். ஏனென்றால் கிளிஃபர்ட் நல்லவர். யார் வீட்டுக் குழாய் உறைந்தாலும் முதலில் வந்து நிற்கிறவர் அவர்.

*

ஷெரிஃப் அலுவலகத்தில் ஹால்வர் அந்தப் பித்தளைக் கூட்டை ராயின் துப்பாக்கிக்குள் நுழைத்துப் பார்த்தார். முக்கால் வரை போய் நின்றுவிட்டது. பின்புறத்தை அடைக்கும் போல்ட் மூடவில்லை.

“சுட்ட கூடு உப்பத்தானே செய்யும்?” என்றார் ஷெரிஃப். அவருக்கு ராயின் மீது பகையொன்றும் இல்லை. வேலை முடிந்தால் சரி.

“உப்பும்,” என்றார் ஹால்வர். “எந்த அறைக்குள்ள வெடிச்சுதோ அந்த அறை அளவுக்குத்தான் உப்பும். நம்ம கால்ல தேஞ்ச சப்பாத்து மாதிரி. சொந்தக்காரனுக்கு அது திரும்பச் சேரும்.”

ஷெரிஃப் தோளைக் குலுக்கினார். “வேற யார் துப்பாக்கிக்குச் சேருதுன்னு காட்டு. அப்புறம் பேசலாம்.”

ஹால்வர் மேசை மீது ராயின் புதுத் தோட்டா ஒன்றை நிறுத்தி, அந்தக் கூட்டை அதன் பக்கத்தில் வைத்தார். உயரம் கிட்டத்தட்ட ஒன்று. ஆனால் புதுத் தோட்டாவின் உடம்பு மேலே போகப்போகக் கொஞ்சம் ஒடுங்கி, சரிவான தோளோடு கழுத்தில் முடிந்தது. கூட்டின் உடம்போ நேராக ஏறி, தோள் வெடுக்கென்று உள்வாங்கியிருந்தது.

வெளியே காத்திருந்த ஈனிட்டின் வண்டியில் ஹால்வர் ஏறினார். நடந்ததைக் கேட்டதுமே அவள் திட்டம் போடத் தொடங்கினாள்.

“இந்த மாவட்டத்துல முப்பது-ஆறு வச்சிருக்கிறவன் பாதிப் பேர். ஒவ்வொருத்தன் துப்பாக்கியா வாங்கிப் பார்க்கலாம். கிளிஃபர்டை மட்டும் விட்டுடலாம், அவருக்குக் கடைத் தோட்டா போகாது. நான் இன்னைக்கே ஆரம்பிக்கவா?”

“மெதுவா, டாக்டரம்மா. முதல்ல கனிஷைப் பார்ப்போம். ஏதோ கடகடங்குதே, வண்டியில என்ன?”

“என் மருந்துப் பெட்டிதான். இந்த வாரம் பரவாயில்லை. போன வாரம் கிளிஃபர்டோட மரப் பெட்டி வேற சீட்டுக்கு அடியில உருண்டுட்டு இருந்துச்சு. வியாழக்கிழமை கூட்டம் முடிஞ்சு அவரை வீட்டுல விட்டப்ப தோட்டா அத்தனையும் என் வண்டியிலயே மறந்துட்டார். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிஞ்சுதான் எடுத்துட்டுப் போனார். பித்தளையைத் துடைக்கிற மனுஷன் பெட்டியை மறக்கிறார் பாருங்க.”

ஹால்வர் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். “அன்னைக்கு சர்ச் விருந்துல எல்க் மான் கறி நல்லா இருந்துச்சு, இல்ல?”

“ரொம்ப. நான் ரெண்டாவது தட்டு வாங்கினேன். கிளிஃபர்ட் முதல்நாள் சுட்டதாம்.” அவளுடைய மனம் இன்னும் சந்தேகப்பட்டியலிலேயே இருந்தது. “எதுக்குக் கேட்கறீங்க?”

“பசி,” என்றார் ஹால்வர்.

மருத்துவமனையில் கனிஷ் காலைக் கட்டித் தொங்கவிட்டபடி படுத்திருந்தான். கால் பிழைத்துவிட்டது, முழங்கால் இனி மடங்காது என்று சொல்லிவிட்டார்கள். முப்பது வயதுகூட ஆகாதவன்.

“ஒரு சத்தம் கேட்டுச்சு, விழுந்துட்டேன்,” என்றான். “கொஞ்ச நேரம் கழிச்சு இன்னொரு சத்தம். அது என் பக்கம் வரலை.”

“அப்போ உன்னைக் குறி வச்சு யாரும் சுடலை,” என்றார் ஹால்வர். “முதல் குண்டு மானுக்குத் தப்பி உன்கிட்ட வந்துடுச்சு. ரெண்டாவது மானுக்குப் போச்சு.”

“ராய் சுட்டிருக்க மாட்டார்,” என்றான் கனிஷ். “அவர் வருஷா வருஷம் எங்க கூடாரத்துக்கு ரொட்டி கொண்டுவர்றவர்.”

*

அந்த வியாழக்கிழமை வென்சலின் மனைவி எப்போதும்போல் பழப் பலகாரம் சுட்டிருந்தார். ஒருவரும் தொடவில்லை. ராய் சுவரோரம் நின்றார். ஷெரிஃப் வாசற்படிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். கிளிஃபர்ட், ஹால்வர் கேட்டுக்கொண்டபடி, துப்பாக்கியோடு வந்திருந்தார்.

“பனிமூட்டத்துல யாருக்கு வேணும்னாலும் நடக்கும்,” என்றார் கிளிஃபர்ட். “ராயை யாரும் குற்றவாளியாப் பார்க்கக் கூடாது. எனக்குத் தெரிஞ்ச வக்கீல் இருக்கார். நான் பேசறேன்.”

“நல்ல மனசு உனக்கு,” என்றார் ஹால்வர். கிண்டலாகச் சொல்லவில்லை. “ஒரு சந்தேகம், கிளிஃபர்ட். சனிக்கிழமை அந்த எல்க்கை எந்தத் தோட்டாவால சுட்ட?”

“நான் அடைச்சதுதான். வேற என்ன?”

ஈனிட் நிமிர்ந்தாள். “உங்க பெட்டி என் வண்டியில இல்ல இருந்துச்சு, கிளிஃபர்ட்?”

“பையில ரெண்டு மூணு இருந்திருக்கும்.”

“இருந்திருக்கலாம்,” என்றார் ஹால்வர். “துப்பாக்கியைக் கொஞ்சம் தர்றியா?”

கிளிஃபர்ட் நீட்டவில்லை. மறுக்கவும் இல்லை. ஹால்வர் அதை அவர் மடியிலிருந்து மெல்ல எடுத்தார், காலியாக இருப்பதைப் பார்த்துக்கொண்டார், மேட்டில் கிடைத்த கூட்டை உள்ளே வைத்தார். போல்ட் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் மூடியது.

ஷெரிஃப் எழுந்து வந்து தானும் ஒருமுறை மூடிப் பார்த்தார்.

“எனக்குப் புரியலை,” என்றார் ராய். “அவனுக்குக் கடைத் தோட்டா போகாதே.”

“அது அவன் சொன்னது. நாம யாரும் போட்டுப் பார்க்கலை. கூட்டோட தோளைப் பாருங்க. வென்சல் புது அளவு எதையும் கண்டுபிடிக்கலை. நம்ம எல்லார்கிட்டயும் இருக்கிற அதே முப்பது-ஆறு அறையை எடுத்துப் பக்கத்தைக் கொஞ்சம் அகலமாக்கி, தோளை நிமிர்த்திட்டார். கொஞ்சம் கூடுதலா மருந்து பிடிக்கும், அவ்வளவுதான். அந்த மாதிரி அறைக்குள்ள கடைத் தோட்டா தாராளமாப் போகும், வெடிக்கும். வெளிய வரும்போது கூடு அந்த அறையோட உருவத்துல வரும். கிளிஃபர்ட் தன் கூடு அத்தனையையும் அப்படித்தான் செஞ்சிருக்கணும். அடி முத்திரையைப் பார்த்தா குட்டு வெளிப்பட்டுடும். அதனாலதான் ஒரு கூட்டைக்கூட நம்ம கையில கொடுக்கலை.”

ஹால்வர் தொடர்ந்தார்.

“கூடு ராய் துப்பாக்கிக்குள்ள போகாதப்பவே அவன் இல்லைன்னு தெரிஞ்சுது. பெட்டி ஈனிட் வண்டியில, ஆனா எல்க் கறி எங்க தட்டுல. அப்போ வேற தோட்டா எங்கேருந்து? சனிக்கிழமை காலையில பெட்டியைக் காணோம்னதும் கிளிஃபர்ட் தன் கடை அலமாரியிலேருந்தே ஒரு டப்பாவை எடுத்துக்கிட்டான். ரெண்டு தடவை சுட்டான். பனியில ஒரு கூடுதான் அவன் கண்ணுல பட்டிருக்கும், இன்னொண்ணு அங்கேயே கிடந்துடுச்சு.” அவர் ராயைத் திரும்பிப் பார்த்தார். “வென்சல் இருந்தப்ப உன் துப்பாக்கியையும் சொந்த அளவுக்குக் கடைஞ்சுக்கச் சொல்லி நச்சரிச்சானே, ஞாபகம் இருக்கா? நீ மட்டும் சரின்னு சொல்லியிருந்தா, வென்சல் இதே மாதிரிதான் கடைஞ்சிருப்பார், இன்னைக்கு இந்தக் கூடு உன்னதுக்கும் போயிருக்கும். உன்னைக் காப்பாத்த என்கிட்ட ஒண்ணும் இருந்திருக்காது.”

கிளிஃபர்ட் கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டார். எப்போதும் நேராக உட்காருகிற மனிதர்.

“மான் சாஞ்சதும் நான் அதைப் பார்க்கப் போயிட்டேன்,” என்றார். “கனிஷுக்கு அடிபட்டுச்சுன்னு சாயங்காலம்தான் ஊர்ல சொன்னாங்க. அப்பவே சொல்லியிருக்கணும். கூடு முப்பது-ஆறுன்னு ஷெரிஃப் சொன்னப்ப… எல்லாரும் என்னைச் சந்தேகப்படாம விட்டுட்டாங்க. கிளிஃபர்டுக்குத்தான் அது போகாதேன்னு. நான் வாயைத் திறந்தா, துப்பாக்கிக் கதையையும் சொல்லணும்.”

“அதுக்காகவா?” என்றார் ராய். அவர் குரலில் கோபத்தைவிட வியப்புதான் இருந்தது. “அளவெடுத்துத் தைச்ச சட்டை இல்லைன்னு நாங்க சிரிப்போம்னா?”

ராய் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அந்த அறைக்கு அவர் அதன்பின் வரவே இல்லை. பனிக்காலம் முடிவதற்குள் மற்றவர்களும் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். அந்தக் கூட்டமும் அதன் சண்டையும் அப்படித்தான் முடிந்தன. இன்றும் யாராவது பொது அளவா சொந்த அளவா என்று பேச்செடுத்தால், எங்கள் வயதுக்காரர்கள் கொஞ்சம் சிரித்துவிட்டு, பிறகு பேச்சை மாற்றிவிடுவோம்.

அன்றிரவே ஷெரிஃப்போடு கிளம்புமுன் கிளிஃபர்ட் ஒன்று கேட்டார். மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்றார். ஹால்வரும் ஈனிட்டும் கூடப் போனார்கள்.

கனிஷ் விழித்திருந்தான். கிளிஃபர்ட் கட்டிலின் கால்மாட்டில் நின்று, சுட்டது தான்தான் என்றார். ஆட்டுமந்தையைத் தான் பார்த்துக்கொள்வதாக, கடையில் உட்கார்ந்தபடி செய்யும் வேலை தருவதாக, இன்னும் என்னென்னவோ சொன்னார். கனிஷ் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அரைகுறை ஆங்கிலத்தில் ஒன்றே ஒன்று கேட்டான்.

“நான் ரொம்ப நேரம் கத்தினேன். உங்களுக்குக் கேட்டுச்சா?”

மூட்டத்தில் எதுவும் கேட்கவில்லை என்று சொல்லிவிட அவருக்கு வழி இருந்தது. மறுக்க அங்கே யாரும் இல்லை. ஈனிட் அந்தப் பதிலுக்காகவே காத்திருந்ததாகப் பின்னாளில் சொன்னாள்.

“கேட்டுச்சு,” என்றார் கிளிஃபர்ட். “காக்கா கத்துதுன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்.”

கனிஷ் கட்டிலருகே இருந்த நாற்காலியைக் கையால் காட்டினான். கிளிஃபர்ட் உட்கார்ந்தார். ஷெரிஃப் கடிகாரத்தைப் பார்த்தார். ஹால்வர் ஷெரிஃப்பின் முழங்கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார்.