சுவருக்குள் யாருமில்லை

சுவரை மூடுவதற்கு முன் நரெல் வழக்கம்போல் அதை மூன்று முறை தட்டினாள்.

"உள்ள யாராச்சும் இருக்கீங்களா?"

"யாருமில்ல" என்று பதில் வந்தது.

அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. செஃபீனாவின் வேலை. அந்தப் பெண்ணுக்கு எந்நேரமும் விளையாட்டு. சுவருக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு குரல் கொடுக்கிறாள். "யாருமில்லைன்னா சரி, மூடிடறேன்" என்று சொல்லிவிட்டு, கடைசிப் பலகையை இடத்தில் பொருத்தி, நான்கு மூலையிலும் ஸ்க்ரூ முடுக்கினாள். இடுக்கில் பட்டி பூசி, காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்து, வெள்ளை அடித்தாள். அங்கே ஒரு வழி இருந்தது என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்பமாட்டார்கள்.

ரோலரைக் கழுவப் போனபோது சரக்கு இறக்கும் கதவைத் தள்ளிக்கொண்டு செஃபீனா உள்ளே வந்தாள். முகம் சிவந்திருந்தது. கையில் இரண்டு ஐஸ் காபி.

"அடிலெய்டு வெயில்ல மனுஷன் இருப்பானா? கடையில ஒரே கூட்டம். என்ன கெழவி, அதுக்குள்ள மூடிட்டியா?"

"நீ எப்ப வெளிய போனே?"

"நீ பட்டி கலக்க ஆரம்பிச்சப்பவே போயிட்டேனே."

நரெல் ஐஸ் காபியைக் கையில் வாங்கினாள். குடிக்கவில்லை.

அவர்கள் இருவரும் வேலை பார்த்த அந்தப் பல்கலைக்கழகக் கலைக்கூடத்துக்குச் சொந்தமாக ஒரு படம்கூடக் கிடையாது. எல்லாம் இரவல். எங்கிருந்தோ வரும், சில வாரம் தொங்கும், பெட்டியில் ஏறித் திரும்பிப் போய்விடும். இயக்குநர் இமோஜனுக்கு அதில் பெருமை வேறு. "நாங்க எதையும் வெச்சுக்கறதில்ல" என்று வருகிற விருந்தாளி ஒவ்வொருவரிடமும் சொல்வாள், ஏதோ துறவி மாதிரி. ஆனால் வருகிற ஓவியர் ஒவ்வொருவரும் சுவர் வேறு இடத்தில் வேண்டும் என்பார். நல்ல சுவரை இடிக்க யாருக்கு மனசு வரும்? அதற்கு முன்னால் இன்னொன்றை எழுப்புவார்கள். நடுவில் வயர் ஓடுவதற்கு, ஓர் ஆள் பக்கவாட்டில் நுழைகிற அளவு சந்து விடுவார்கள். மூடும்போது உள்ளே யாரும் மாட்டிக்கொள்ளக் கூடாதே என்பதற்காகத்தான் அந்த மூன்று தட்டும் கேள்வியும். இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூட உள்ளிருந்து பதில் வந்ததில்லை.

நரெல் நேராக இமோஜனிடம் போனாள். "அந்தப் பலகையைக் கழட்டி ஒருதடவை பார்த்துடறேனே."

"சாயங்காலம் திறப்பு விழா, நரெல். பெயிண்ட் இன்னும் காயல. உள்ள யார் இருந்தா?"

"யாருமில்லன்னு சொன்னாங்க."

"அப்புறமென்ன?" என்றாள் இமோஜன்.

கண்காட்சி தொடங்கி இரண்டாம் நாள் தட்டுச் சத்தம் ஆரம்பித்தது. மூன்று தட்டு. நிறுத்தம். மறுபடியும் மூன்று. வெளியே அனல் காற்று புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருந்ததால், ஏ.சி. குளிரைத் தேடி உள்ளே வந்தவர்கள் சாம்பல் நிறச் சித்திரங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு அந்த வெறும் சுவரின் முன்னால் கூடி நின்றார்கள். பெயிண்ட் வாசனையும் வியர்வை வாசனையும் கலந்த அந்தக் குளிரில், தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, கோயில் மணி கேட்பவர்களைப்போல் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்கள்.

"உள்ள யாரோ பொறுமையா காத்திருக்கிற மாதிரி இல்ல?" என்றாள் வெள்ளைத் தொப்பி போட்ட ஓர் அம்மாள்.

"ஆழமான வேலை" என்றார் அவள் கணவர். "தொடாதே, தொடாதே. கலைப்பொருள்."

ஓவியர் ஏற்பாடு செய்தது என்று இமோஜன் நினைத்தாள். கூடத்து ஆட்கள் ஏற்பாடு செய்தது என்று மெல்போர்னிலிருந்த ஓவியர் நினைத்தார். பிரமாதமாக இருக்கிறது, எடுத்துவிடாதீர்கள் என்று போனிலேயே கெஞ்சினார். அந்தச் சுவருக்குள் ஸ்பீக்கர் எதுவும் இல்லை என்பது நரெலுக்கும் செஃபீனாவுக்கும் மட்டும்தான் தெரியும்.

ஒருநாள் கூட்டம் குறைந்த நேரத்தில் நரெல் சுவரில் காதை வைத்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. அவ்வளவு குளிர்ந்த அறையில், நேற்று வரை ஜில்லென்றிருந்த சுவர், காய்ச்சல்காரனின் நெற்றியைப்போல் சுட்டது. விரலால் ஒரு தட்டுத் தட்டினாள். உள்ளிருந்தும் ஒரு தட்டு, சரியாக அவள் காதுக்கு நேரே. அவள் துள்ளி விலகினாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அந்த அறையில் இருட்டே கிடையாது. மூலைமுடுக்கெல்லாம் பளீரென்ற விளக்கு, நிழல்கூட விழாத வெள்ளை. அதுதான் அவளை அதிகம் பயமுறுத்தியது.

"பூனை சைஸ்ல போசம் ஏதாச்சும் கூரை வழியா எறங்கியிருக்கும்" என்றாள் செஃபீனா. "பாவம், பட்டினியா கெடக்கும். திங்கக்கிழமை லீவுதானே, நான் பிரிச்சுப் பாத்துடறேன்."

"போசம் வாயைத் தொறந்து பேசுமாடீ?"

"நம்ம இமோஜன் பேசலையா?"

நரெல் சிரிக்கவில்லை. "தனியாப் போகாதே. எனக்குக் காலையில பல் டாக்டர். சாயங்காலம் சேர்ந்து போவோம். சத்தியம் பண்ணு."

"சரி சரி. பயந்தாங்கொள்ளி."

திங்கட்கிழமை பிற்பகல் நரெலின் போன் அடித்தது. செஃபீனாவின் மகள் லூப்பே படிக்கும் பள்ளியிலிருந்து. பள்ளியில் சேர்ந்து முதல் வாரம். குழந்தையைக் கூட்டிப்போக அம்மா வரவில்லை, போனையும் எடுக்கவில்லை, அவசரத்துக்கு அழைக்கும் பட்டியலில் அடுத்த பெயர் உங்களுடையது என்றார்கள். பின்னால் ஒரு பிஞ்சுக் குரல், "அம்மா எங்க?" என்று கேட்டது. அழுகை இல்லை. வெறும் கேள்வி.

"உக்கார வெச்சிருங்க. அம்மாவைக் கூட்டிட்டு வர்றேன்" என்றாள் நரெல். சொல்லும்போதே சாவிக்கொத்தை எடுத்துவிட்டாள்.

கூடம் பூட்டியிருந்தது. சாவி போட்டுத் திறந்ததும் ஈரப் பெயிண்ட் வாசனை முகத்தில் அடித்தது. விளக்குகள் எல்லாம் எரிந்தன. சுவரின் முன்னால் செஃபீனாவின் பூட்ஸ் ஜோடியாக இருந்தது, தரையில் அழுக்குப் படக் கூடாது என்று எப்போதும் கழற்றி வைப்பாளே, அதேபோல். பக்கத்தில் ஒரு காபிக் கோப்பைக்குள் கழற்றிய நான்கு ஸ்க்ரூக்கள்.

ஆனால் சுவரில் ஓட்டை இல்லை. கழற்றிய பலகையும் எங்கும் இல்லை. இடுக்கும் இல்லை. தொட்டாள். விரலில் வெள்ளை ஒட்டியது.

பட்டி டப்பா மூடியபடி இருந்தது. ரோலர் காய்ந்துபோய் ஆணியில் தொங்கியது. அப்படியானால் இதை யார் பூசியது?

செஃபீனாவின் எண்ணை அழுத்தினாள். சுவருக்குள் மணி அடித்தது. அடித்துக்கொண்டே மெல்ல, மெல்ல, யாரோ அதைக் கையில் எடுத்துக்கொண்டு நடப்பதுபோல் நகர்ந்து, தூரத்தில் நின்றது. அவ்வளவு தூரம் அந்தச் சுவருக்குள் கிடையாது.

ஓடிவிடலாம். போலீஸைக் கூப்பிடலாம். அதெல்லாம் அவளுக்கும் தோன்றியது. ஆனால் பள்ளியில் ஒரு குழந்தை பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நரெல் கத்தியை எடுத்துச் சுவரைக் கீறினாள். நெம்புகோலை நுழைத்து நெம்பினாள். பலகை முனகியது. ஈரமாக. பிய்ந்து வந்தது.

உள்ளே சட்டங்கள் இருக்கவேண்டும், வயர் இருக்கவேண்டும், மரத்தூள் இருக்கவேண்டும். எதுவுமில்லை. வெள்ளை. தரை, கூரை, இரண்டு பக்கமும் வெள்ளை. நீளமாக. டார்ச் தேவைப்படவில்லை. எங்கிருந்தோ சீரான வெளிச்சம்.

பக்கவாட்டில் நுழைந்தாள்.

வெதுவெதுப்பு. மூச்சுச் சத்தம். அவளுடையது ஒன்று. அவளுடையதல்லாதது, பல.

சுவரில் மேடுகள் தெரிந்தன. ஒரே உயரம். ஒரே இடைவெளி. படம் மாட்டும்போது அளந்து மாட்டுவார்களே, அப்படி. முதல் மேட்டில் ஒரு தோள். அடுத்ததில் ஒரு மூக்கு, தேய்த்துத் தேய்த்து மழுங்கியது. அதற்கடுத்ததில் விரல்கள் மட்டும், மூன்று முறை தட்டிவிட்டு நின்றன. எத்தனை வருஷத்து வெள்ளையோ, கோட்டிங் மேல் கோட்டிங். யாரென்று தெரியவில்லை. யாரும் தேடி வரவில்லை போலும்.

கடைசியில் செஃபீனா.

சுவரோடு பாதி இருந்தாள். கன்னம், கழுத்து, எல்லாம் வெள்ளை, பளபளவென்று, இன்னும் காயாமல். கண் மட்டும் அவளுடையதாக இருந்தது.

"ஐயோ, செஃபீனா!" நரெல் அவள் கையைப் பிடித்தாள். கை சூடாக இருந்தது. "வாடீ. பாப்பா காத்துக்கிட்டிருக்கா. வா."

இழுத்தாள். வரவில்லை. சுவரில் காலை ஊன்றி இழுத்தாள். தோள் கொஞ்சம் வந்தது. பட்டி நூல்நூலாக நீண்டது. செஃபீனாவின் உதடு பிரிந்தது. வாய்க்குள்ளும் வெள்ளை.

"போயிடு" என்றாள்.

"மாட்டேன்."

"விடு, நரெல். என் கையை விடு."

"விடமாட்டேன்னா விடமாட்டேன்."

"நான் பிடிக்கல" என்றாள் செஃபீனா. அழுதாள். "என் கை திறந்துதான் இருக்கு. பாரு."

நரெல் பார்த்தாள். உண்மைதான். செஃபீனாவின் விரல்கள் விரிந்திருந்தன. நரெலின் விரல்களும் விரிந்திருந்தன. நடுவில் வெள்ளை, மெல்ல, மணிக்கட்டைத் தாண்டி, முழங்கை நோக்கி, யாரோ பொறுமையாக ரோலர் உருட்டுவதுபோல் ஏறிக்கொண்டிருந்தது. செஃபீனாவுக்கு அடுத்து, அதே உயரத்தில், அதே இடைவெளியில், சுவர் மெதுவாக உள்வாங்கிக் குழிந்தது. முதலில் ஒரு தலைக்கு இடம். பிறகு இரண்டு தோள்களுக்கு.