ஒருவருக்கு மட்டும் திறக்கும் கதவு

மதியம் இரண்டு மணிக்கு அட்டையைத் தேய்த்துவிட்டு, நிலவறைக் கோப்பறைக்குள் நுழைந்தாள் அந்தப் புரோகிராமர். பழைய காகிதமும் ஈரச் சுவரும் கலந்த வாடை மூக்கில் ஏறியது. அதன் கதவு உள்ளே விடும், வெளியே விடாது. அதனாலேயே நாலு வருஷமாக யாரும் எட்டிப் பார்க்காத அறை அது. கதவை இயக்கும் நிரலைத் திருத்த வேண்டிய கணினியையும் உள்ளேயே வைத்தது எந்தப் புண்ணியவானோ! ஜாக்கிரதையாகக் கதவிடுக்கில் தன் பையை வைத்திருந்தாள்.

பையை உள்ளே தள்ளிவிட்டுக் கதவு சாத்திக்கொண்டது.

பரவாயில்லை, மூன்றரைக்குள் முடித்துவிட்டால் போதும். பள்ளி வாசலில் மகள் காத்திருப்பாள்.

நிரலில் மூன்று ஃபங்ஷன்கள், ஆளுக்கொரு வேலை செய்யும் பகுதிகள். உள்ளே எத்தனை பேர் என்று முதலாவது எண்ணும். அந்த விடையை வாங்கி, உள்ளே வந்த அட்டைகளின் எண்ணிக்கையோடு இரண்டாவது ஒப்பிடும். ஒத்துப்போனால் மூன்றாவது கதவைத் திறக்கும். ஆனால் முதலாவது, விடையைத் திரையில் காட்டிவிட்டு வெறுங்கையோடு திரும்பிக்கொண்டிருந்தது. திரையில் தெரிந்தாலே அடுத்ததற்குப் போய்ச் சேர்ந்துவிட்டதாக நினைப்பது கற்றுக்குட்டிகள் செய்யும் தவறு.

"இதுக்கா நாலு வருஷம்?" என்று தலையில் அடித்துக்கொண்டாள். விடையை ஒப்படைக்கும் ஒரு வரியைச் சேர்த்து ஓட்டினாள்.

ஆட்கள்: 2. அட்டைகள்: 1.

கதவு அசையவில்லை.

மறுபடி ஓட்டினாள். இரண்டுதான்.

அலமாரிகளுக்கு நடுவே யாரோ மூச்சு இழுப்பது கேட்டது.

சுவரிலிருந்த தொலைபேசியை எடுத்து, வெளியே இருந்த காவலாளியை அழைத்தாள். "அண்ணா... உள்ள வேற யாராவது இருக்காங்களா?"

"இல்லையே மேடம்." அவர் குரல் தாழ்ந்தது. "இந்த புரோகிராமை எழுதினவரு அங்கதான் செத்துக் கிடந்தாரு. உங்ககிட்ட யாரும் சொல்லலையா?"

ரிசீவரை அப்படியே தொங்கவிட்டுக் கணினிக்கு ஓடினாள். முதலாவது தரும் விடையைத் தூக்கி எறிந்துவிட்டு, இரண்டாவதற்குத் தானே '1' என்று எழுதிக் கொடுத்தாள். பச்சைப் பொய்தான். மகளிடம் போய்ச் சேர்ந்தால் போதும்.

கதவு திறந்தது.

அவள் எழுந்து ஓடுவதற்குள், சில்லென்று ஏதோ தோளை உரசிக்கொண்டு முந்திப் போனது. ஒரு ஆள் கடந்ததும் கதவு மூடிக்கொள்ள வேண்டும் என்பது நிரலின் விதி. மூடிக்கொண்டது.

ஆட்கள்: 1. அட்டைகள்: 0.

அதன் கீழே ஒரு வரி வந்தது: 'நீங்கள் வெளியேறிவிட்டீர்கள்.' அதற்குப் பிறகு எந்த விசையை அழுத்தினாலும் கணினி ஏற்கவில்லை.

தொங்கிக்கொண்டிருந்த ரிசீவரைப் பாய்ந்து எடுத்தாள். "அண்ணா! நான் உள்ள மாட்டிக்கிட்டேன்!"

காவலாளி வேறு யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். "அப்பாடா, வந்துட்டீங்களா மேடம்! முகமெல்லாம் வெளுத்துப்போச்சே, கொஞ்சம் உக்காருங்க."

"வேண்டாம்ணா," என்றது அவளுடைய குரல். "நேரமாச்சு. பாப்பா எனக்காகக் காத்துக்கிட்டிருப்பா."

மறுமுனையில் ரிசீவரை வைக்கும் சத்தம் கேட்டது.