வாலுவின் ஐந்து நடைகள்

வீட்டிலும் தெருவிலும் அவளுக்கு வாலு என்றுதான் பெயர். சுவரிலிருந்து குதித்து வலது காலை உடைத்துக்கொண்ட பிறகும் அந்தப் பெயர் மாறவில்லை. இப்போது காலில் மாவுக்கட்டு, கக்கத்தில் ஊன்றுகோல்.

திங்கட்கிழமை ஆங்கில வகுப்பில் டீச்சர் சீட்டுக் குலுக்கினார். ஒவ்வொரு சீட்டிலும் ஒரு வினைச்சொல். அதற்கு நெருக்கமான பொருள் தரும் ஐந்து சொற்களைக் கண்டுபிடித்து, வெள்ளிக்கிழமை எல்லார் முன்னாலும் செய்து காட்ட வேண்டும். வெறுமனே ஒப்பிக்கக் கூடாது.

வாலுவின் சீட்டில் ‘வாக்’ என்று இருந்தது. நடப்பது!

“நடக்கிறதுக்கு நல்ல ஆளாப் பார்த்துப் பிடிச்சாங்க!” என்றான் ரேடியோ. வாயை மூடவே மாட்டான் என்பதால் அவன் ரேடியோ. வகுப்பே சிரித்தது.

டீச்சருக்கு மனசு கேட்கவில்லை. “வேற சீட்டு எடுத்துக்கறியாம்மா? ‘ஸ்லீப்’ இருக்கு. படுத்துக் காட்டினாப் போதும்.”

“வேண்டாம் மிஸ். நான் இதையே செய்றேன்.”

வாய் சொல்லிவிட்டது. எப்படி என்றுதான் தெரியவில்லை.

வீட்டில் அகராதியைப் புரட்டினாள். மார்ச் என்றால் விறைப்பாக நடப்பது. ஸ்ட்ரோல் என்றால் காலாற நடப்பது. டிப்டோ என்றால் நுனிக்காலில் நடப்பது. ட்ரட்ஜ் என்றால் களைத்துப்போய்க் காலை இழுத்து நடப்பது. நாலும் மனப்பாடம் ஆகிவிட்டது. ஐந்தாவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். எப்படிச் செய்து காட்டுவது?

“நான் வந்து நடந்து காட்டட்டுமா? ஒரே ஒரு சாக்லேட் குடு, போதும்” என்றான் அண்ணன்.

“நீ நடந்தா அது உன் நடை. சீட்டு என்னோடது.”

இரண்டு விரல்களை மேஜைமேல் நடக்க விட்டாள். அறையின் மூலையில் நின்று பார்த்த அண்ணன் உதட்டைப் பிதுக்கினான். “எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு.”

வாலுவுக்கு அழுகை முட்டியது. ‘ஸ்லீப்’பையே வாங்கியிருக்கலாமோ?

அவர்கள் வீடு முதல் மாடியில், படிக்கட்டை ஒட்டி இருந்தது. அப்போது யாரோ ஏறி வந்தார்கள். தட், தட், தட்.

“செக்யூரிட்டி மாமா வந்துட்டாரு” என்றாள், தலையைத் திருப்பாமலே.

அண்ணன் எட்டிப் பார்த்தான். அவரேதான்! “பார்க்காம எப்படிடீ சொன்னே?”

வாலு பென்சிலைத் தேடினாள்.

வியாழன் வரை தினமும் மாலை முழுக்கப் படிக்கட்டுச் சுவரோரமே கதியாகக் கிடந்தாள். செக்யூரிட்டி மாமாவுடையது மார்ச். மேல்வீட்டுப் புதுமணத் தம்பதி இரண்டு படி ஏறி, நின்று, சிரித்து, மறுபடி ஏறுவார்கள். அது ஸ்ட்ரோல். விளையாடிவிட்டு நேரம் கழித்து வரும் அண்ணன் சத்தம் வராமல் ஏறப் பார்ப்பான். அது டிப்டோ. அதையும் அவள் எழுதிக்கொண்டாள்.

ஏழு மணிக்கு அம்மா வருவாள். ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் பிரிவில் நாள் முழுக்க நின்றே வேலை. ஒவ்வொரு படிக்கும் ஒரு இழுப்பு. இத்தனை நாள் இதைக் கவனிக்கவே இல்லையே என்று வாலு தன்னையே நொந்துகொண்டாள்.

“அண்ணா, அம்மா கால் வைக்க வெந்நீர் எடுத்துட்டு வா, சீக்கிரம்!”

வெள்ளிக்கிழமை வந்தது. வாலு டீச்சரின் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“எல்லாரும் கண்ணை மூடிக்கோங்க. மிஸ், நீங்களும்தான்!”

டஸ்டரால் மேஜையைத் தட்டினாள். தட், தட், தட். “மார்ச்!” என்று கத்தினார்கள். விரல்கள் இரண்டு எட்டு வைத்து, நின்று, மறுபடி நகர்ந்தன. “ஸ்ட்ரோல்!” நகநுனியால் மெல்லத் தொட்டபோது, கேட்பதற்காக வகுப்பே மூச்சைப் பிடித்துக்கொண்டது. டிப்டோ! பிறகு உள்ளங்கையை மேஜைமேல் இழுத்து இழுத்து வைத்தாள்.

“ட்ரட்ஜ். பாவம், யாரோ ரொம்பக் களைச்சுப்போய் வர்றாங்க” என்றான் ரேடியோ.

“எங்க அம்மா” என்றாள் வாலு.

“நாலுதானே ஆச்சு? அஞ்சாவது?” என்று கேட்டார் டீச்சர்.

“இதோ. யாரும் கண்ணைத் திறக்கக் கூடாது.”

வாலு எழுந்தாள். ஊன்றுகோலைக் கக்கத்தில் செருகிக்கொண்டாள். அவள் இடம் கடைசி பெஞ்ச். டொக், சர். டொக், சர். யாரும் சிரிக்கவில்லை.

“லிம்ப்” என்றது ஒரு குரல். “ஹாபிள்” என்றது இன்னொன்று.

“நொண்டி நடக்கறது. ரெண்டும் சரி” என்றார் டீச்சர். “ரேடியோ, நீ என்ன சொல்றே?”

ரேடியோ முதல் தடவையாக யோசித்துவிட்டுப் பேசினான். “வாக், மிஸ். அவ நடந்து போறா.”

வாலு கடைசி பெஞ்சை அடைந்து நிமிர்ந்து நின்றாள்.

“இப்பக் கண்ணைத் திறக்கலாம்” என்றாள்.