சீப்பில் ஒட்டிய சேறு

"என் சீப்புல ஒரு கோளாறும் இல்ல சார். ஆனா நாளைக்குக் காலையில அதைக் கழட்டி எறியப் போறாங்க," என்றாள் நார்மா டிரெஸ்காட். தெற்கு ஆஸ்திரேலியப் பாலைவனத்து விமானத்தளத்தில் மூன்று வாரமாகத் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்த பொறியாளர் அவள்.

விசாரணைக்கு வந்த ஆர்ம், கான்வாஸ் பையிலிருந்து இரண்டு குவளைகளில் ஊற்றி அவள் நீட்டிய தண்ணீரை வாங்கிக் குடித்தார். சில்லென்று இருந்தது. குளிர்பெட்டி பழுது என்றார்களே என்று கேட்டார்.

"அது செத்து ஒரு மாசமாச்சு. இந்தப் பொட்டல்ல உருப்படியா இருக்கிறது இந்தத் தண்ணி ஒண்ணுதான்."

குண்டுவீச்சு விமானமோ பழையது. வேகமாகப் பறக்கையில் வயிற்றுக் கதவைத் திறந்தால், உள்ளே சுழலும் காற்று விழவேண்டிய குண்டையே தூக்கி விமானத்தின்மேல் அடிக்கும். கதவுக்கு முன்னால் கீழிறங்கும் நார்மாவின் இரும்புச் சீப்பு, பல்லிடுக்குகளில் அந்தக் காற்றைச் சிதறடிக்கும். குளிர்ந்த நாள்களில் போலிக் குண்டு நேராகத்தான் விழுந்தது. வெயில் கொளுத்திய நாள்களில் மட்டும் இடப்பக்கமாகத் திரும்பி வயிற்றில் இடித்தது. போன முறை விமானி ரே கினேன் பிழைத்ததே பெரிய விஷயம். சீப்பே வேண்டாம், அது இல்லாமலே போடுங்கள் என்று மேலிடம் சொல்லிவிட்டது. அப்படிப் போனால் ரே திரும்பி வரமாட்டான். இது ஏன் ஒருத்தர் மண்டையிலும் ஏறவில்லை என்று அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

ஆர்மின் உதவியாளர் கூம் துள்ளிக்கொண்டு வந்தார். வெயிலில் இரும்பு நெளிகிறது, அவ்வளவுதான் விஷயம் என்றார். அதை நாலு தடவை அளந்தாயிற்று என்று நார்மா சீறினாள்.

ஆர்ம் விமானத்துக்கு அடியில் புகுந்து, இடப்பக்கப் பற்களின் ஓரத்தை நகத்தால் சுரண்டினார். செம்மண் பொருக்கு உதிர்ந்தது.

"தூசி சார்," என்றார் கூம்.

"தூசின்னா ஊதினாப் போயிடும். இது காஞ்ச சேறு. இங்க கடைசியா மழை பெய்ஞ்சது எப்போ?"

"எட்டு மாசம் ஆச்சு," என்றாள் நார்மா.

ஆர்ம் எல்லாரையும் இறக்கையின் நிழலுக்குக் கூப்பிட்டார். வெயில் நாள்களில் கானல் அடங்கும்வரை புறப்பட முடியாமல் காத்திருப்பீர்கள் இல்லையா என்று ரேயிடம் கேட்டார். அவன் ஆமாம் என்றான். சோதனைக்கு இறக்கிய சீப்பு அதுவரை இறங்கியேதான் இருக்குமா என்றார். அதற்கும் ஆமாம்தான்.

"தண்ணிப் பையை எங்க மாட்டுவீங்க?"

ரேயின் முகம் வெளுத்தது. "இடப்பக்கப் பல்லுல. நிழலும் காத்தும் அங்கதானே இருக்கு."

"கான்வாஸ் பை கசிஞ்சாத்தான் தண்ணி குளிரும். கசிஞ்ச ஈரத்துல செம்மண் அப்பி, காஞ்சு, இடுக்கெல்லாம் அடைச்சிடுது. அந்தப் பக்கம் அது சீப்பு இல்ல, சுவர். குண்டு போட்டதும் காத்தே சேத்தைப் பேத்துடுது. இறங்கினப்புறம் பார்த்தா மிச்சம் தூசி மாதிரி தெரியும். சீப்பு இருக்கட்டும்னு மேலிடத்துக்கு நான் சொல்லிடறேன்."

மூன்று வாரமாக ரேதான் அவள் சீப்பை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தவன். சேர்த்து வைத்த அத்தனையையும் அவன்மேல் கொட்ட நார்மா வாயைத் திறந்தாள். கையிலிருந்த குவளை சில்லென்று சுட்டது. அதில் பாதித் தண்ணீர் இன்னும் இருந்தது. இந்தப் பையிலிருந்து அவனைவிட அதிகமாகக் குடித்தவள் அவள்தான்.

குவளையைக் கவிழ்த்து மண்ணில் ஊற்றினாள்.

"நாளையிலேர்ந்து எல்லாருக்கும் வெந்நிதான், ரே. உயிரோட இறங்கி வந்து என்னைத் திட்டு."