புரிஞ்சுது மிஸ்!

ஏழாம் வகுப்பு ‘பி’ பிரிவுக்கு ஒரு பழக்கம் இருந்தது. யார் பாடம் நடத்தினாலும், கடைசியில் “புரிஞ்சுதா?” என்று கேட்டால் மொத்த வகுப்பும் “புரிஞ்சுது!” என்று கத்தும். உண்மையிலேயே புரிந்ததா என்று யாரும் இதுவரை விசாரித்ததில்லை.

குணசுந்தரி மிஸ் வந்தபோதும் அப்படித்தான் கத்தினார்கள். அவர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி மாணவி. கணக்குப் பாடம் நடத்திப் பழக வந்திருந்தார். மெல்லிய குரல். திருவொற்றியூரில் அது எடுபடாது. பள்ளி மதிலை ஒட்டி கன்டெய்னர் லாரிகள் போய்க்கொண்டே இருக்கும். ஆனால் மிஸ் யாரையும் திட்டமாட்டார். அதனால் எல்லோருக்கும் அவரைப் பிடிக்கும்.

“நாளைக்கு எங்க காலேஜ்லேர்ந்து பவானி மேடம் வர்றாங்க. நான் பாடம் நடத்துறதைப் பார்த்து மார்க் போடுவாங்க,” என்றார் மிஸ்.

அவர் போனதும் வல்லரசு பெஞ்சு மேல் ஏறினான். “மிஸ்ஸு ஃபெயிலானா நம்ம மானம் பூடும். நாளைக்கு ‘புரிஞ்சுது’ன்னு கத்துற கத்துல லாரி ஹாரனே கேக்கக் கூடாது. இன்னா?”

“ரைட்டு மாமே!”

உதயா மட்டும் தயங்கினாள். “டேய், மைனஸை மைனஸால பெருக்குனா எப்பிடிடா பிளஸ்ஸு வரும்? உனக்குப் புரிஞ்சுதா?”

“எனக்கு மைனஸே புரியல. அதுக்கு இன்னா இப்போ?”

மாலையில் கேட்டருகே மிஸ் நின்றிருந்தார்.

“இன்னா மிஸ், பயந்துகினு கீறீங்களா?” என்றாள் உதயா.

“பயம்தான். ஆனா நான் நடத்துறது உங்க எல்லாருக்கும் புரியுதே! அதான் தைரியம்,” என்று சிரித்தார் மிஸ்.

அந்தச் சிரிப்பு உதயாவோடு வீடுவரை வந்தது. அவள் சாப்பிடும்போதும் எதிரில் உட்கார்ந்திருந்தது.

மறுநாள் பவானி மேடம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். பெஞ்சு ஆடியது. மேடம் ஆடவில்லை.

மிஸ் பலகையில் (−2) × (−3) = +6 என்று எழுதினார். “மைனஸை மைனஸால பெருக்கினா பிளஸ். புரிஞ்சுதா?”

“புரிஞ்சுது மிஸ்!”

ஜன்னலில் இருந்த காகம் பறந்து போனது. சத்தம் அடங்கியபோது ஒரு கை மட்டும் மேலே இருந்தது.

“எனக்குப் புரியல மிஸ்.” அது உதயாவின் கை. “நேத்தும் புரியல. சும்மா கத்துனேன்.”

“போச்சு. மிஸ்ஸு காலி,” என்று முணுமுணுத்தான் வல்லரசு.

மிஸ் மேடத்தைப் பார்த்தார். பிறகு உதயாவைப் பார்த்தார்.

“வேற யாருக்குப் புரியல?”

ஒரு கை எழுந்தது. இன்னொன்று. பிறகு எண்ணிப் பயனில்லை. வல்லரசு இரண்டு கைகளையும் தூக்கியிருந்தான்.

வெளியே ஒரு லாரி ‘பீப் பீப்’ என்று ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தது. மிஸ் சற்று நேரம் அதையே கேட்டார்.

“வல்லரசு, இங்க வா. நீதான் லாரி.”

“லோடோடயா மிஸ், காலியாவா?”

“காலியா.”

மிஸ் தரையில் கோடு போட்டார். “இது ஜீரோ. முன்னால போனா பிளஸ். பின்னால வந்தா மைனஸ். ஒரு கைதட்டலுக்கு ரெண்டு அடி ரிவர்ஸ்.”

வல்லரசு கோட்டுக்கு முன்னால் தள்ளி நின்றான். உதயா கிளீனர். “வா, வா, ஒடிச்சு வா! நிறுத்து!” மூன்று கைதட்டலில் லாரி பின்னால் வந்து கோட்டில் நின்றது.

உதயா நெற்றியைச் சுருக்கினாள். “மூணு கைதட்டல் சரி. மைனஸ் மூணு எப்பிடித் தட்டுறது மிஸ்?”

மிஸ்ஸும் யோசித்தார். வகுப்பே யோசித்தது. அந்த வகுப்பில் இது புதுசு.

“செல்லுல வீடியோவைத் திருப்பி ஓட்டுவோமே… அப்பிடியா மிஸ்?” என்றாள் உதயா.

“அப்பிடித்தான்! ஓட்டிப் பாரு!”

வல்லரசு வந்த வழியே முன்னால் நடந்தான். கோட்டிலிருந்து ஆறு அடி.

“ரிவர்ஸு வண்டி. வீடியோவும் ரிவர்ஸு. ஆனா வண்டி முன்னால போவுது!” உதயா துள்ளினாள். “பிளஸ் ஆறு!”

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது. “லாரியை இன்னொரு தடவை விடுங்க. எனக்கு மறைச்சிடுச்சு.”

மணி அடித்ததும் மேடம், மிஸ்ஸின் தோளைத் தட்டினார். “மார்க்கைப் பத்திக் கவலைப்படாதீங்க. அந்த லாரியை மட்டும் அடுத்த ஸ்கூலுக்கும் கொண்டுபோங்க.”

அவர் போன பிறகு மிஸ் மூச்சு விட்டார். பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டார்: “புரிஞ்சுதா?”

எல்லா வாயும் திறந்தன. அப்படியே மூடிக்கொண்டன.

“இருங்க மிஸ்,” என்றான் வல்லரசு. “யோசிச்சிகினு கீறோம்.”