ஆறு புலவர்களுக்கு ஒரு தலைமுழுக்கு

போன் அடித்தது.

யாரும் எடுக்கவில்லை.

மறுபடியும் அடித்தது...

இன்ஸ்பெக்டர் சகுந்தலா மேஜையில் கவிழ்த்திருந்த தலையைத் தூக்காமலே பேசினாள்.

"ஜோஸ், அதை எடுங்க. இல்லாட்டி ஒயரைப் பிடுங்கி விட்டுடுங்க."

கோயில் திருவிழா பந்தோபஸ்து நேற்றுதான் முடிந்திருந்தது. நின்று நின்று கால்கள் வீங்கிவிட்டன. ஷூவைக் கழற்றினால் திரும்ப மாட்ட முடியாது என்று பயந்து, கழற்றாமலே தூங்கிக்கொண்டிருந்தாள்.

ஏட்டு ஜோஸ் ரிசீவரை எடுத்தார். கேட்டார். வைத்தார்.

"மேடம்... ஊரிகம் மன்ற ஹால்ல ஒரு பாடி கெடக்குதாம்."

"செத்துட்டாங்கன்னு நல்லா பாத்தாங்களா?"

"மண்டை பொளந்து கெடக்குதாம் மேடம்."

"அப்போ நல்லாத்தான் பாத்திருக்காங்க."

தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தாள். முழங்கால்கள் மட்டும் சற்றுத் தாமதமாக எழுந்தன.

*

ஊரிகம் ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட ஹால். வாசலில் 'புலவர் மன்றம்' என்று போர்டு.

உள்ளே...

குப்புறக் கிடந்தான் சிவகுமார். மரச் சாமான்களுக்குப் பாலிஷ் போடுகிறவன். பின்மண்டையில் ஆழமான பள்ளம். ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது.

பக்கத்தில் புலவர் கிடந்தார்!

இரண்டடி உயர மரச்சிலை. கொண்டை, தாடி, இடது கையில் ஓலைச்சுவடி, வலது கையில் எழுத்தாணி. கொண்டை முழுக்க ரத்தம்.

சுவர் ஓரத்தில் ஆணி அடித்து மூடிய ஆறு மரப்பெட்டிகள்.

காலையில் பெருக்க வந்த பார்வதம்மா பார்த்துவிட்டு அலறியிருக்கிறாள். இப்போது அலறி முடித்து, வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கெல்லாம் முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள்.

மன்றத்தின் செயலாளர் மனோகர் கண்களைத் துடைத்துக்கொண்டே வந்தார். பஜாரில் கைவினைப் பொருள் கடை வைத்திருப்பவர். போலீஸ்காரர்களுக்கு ஃபிளாஸ்கில் காபி வரவழைத்திருந்தார். டம்ளரை நீட்டிய விரல்களில் நகக்கண் எல்லாம் பழுப்பு. வெற்றிலை போடுகிற மனிதர் போலிருக்கிறது என்று நினைத்தபடி சகுந்தலா வாங்கிக் குடித்தாள்.

மனோகர் விவரம் சொன்னார். பிணத்தின் பக்கத்தில் கிடப்பது மேடையில் வைத்திருந்த மாதிரிச் சிலை. அதைச் செதுக்கியது மாரிகுப்பம் ராஜப்பா. அதைப் பார்த்து மனோகரின் ஆட்கள் இன்னும் ஆறு சிலைகள் செய்தார்கள். வெளிநாட்டில் இருக்கும் ஆறு தமிழ்ச் சங்கங்களுக்கு அன்பளிப்பு. எல்லாவற்றுக்கும் பாலிஷ் போட்டவன் சிவகுமார். நேற்று சாயங்காலம் ஆறையும் பெட்டியில் வைத்து ஆணி அடித்துவிட்டு மனோகர் வீட்டுக்குப் போய்விட்டார். சிவகுமார் மட்டும் சாமான்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தான். இன்று மதியம் லாரி வருகிறது. சென்னைத் துறைமுகம்.

"யார் மேலயாவது சந்தேகம்?"

மனோகர் தயங்கினார். தரையைப் பார்த்தார்.

"ராஜப்பா தங்கமான மனுஷன் மேடம். அவர் பேரை என் வாயால சொல்லக் கூடாது."

சொல்லிவிட்டார்.

*

மாரிகுப்பத்தில், சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீட்டு வாசலில் ராஜப்பா உட்கார்ந்து ஒரு மரத்துண்டை இழைத்துக்கொண்டிருந்தார். ஒல்லியான உடம்பு. இரண்டு இழுப்பு இழைத்தால் ஒரு இருமல்.

முந்தாநாள் டீக்கடையில் நடந்த சண்டையை அவர் மறுக்கவில்லை. சிவகுமார் அவருடைய சிலைக்குத் தார் மாதிரி கெட்டியாகப் பழுப்புப் பாலிஷ் பூசி, மரத்தின் ரேகையையே மறைத்துவிட்டான். கோபத்தில் 'மண்டைய ஒடச்சிடுவேன்' என்று கத்தினார். கேட்டவர்கள் டீக்கடை நிறைய இருந்தார்கள்.

"நேத்து சாயங்காலம் ஹால் பக்கம் போனீங்களா?"

"போனேன் மேடம்."

"இன்னாத்துக்கு?"

"மன்னிப்பு கேக்கலாம்னு."

"கேட்டீங்களா?"

"இல்ல. ஜன்னல்ல பாத்தேன். விசில் அடிச்சிக்கினு வேலை செஞ்சிட்டிருந்தான். அவனுக்கே கோவம் போயிடுச்சு, நாம ஏன் கிளறணும்னு திரும்பி வந்துட்டேன்."

"நீங்க திரும்பி வந்ததை யாராவது பாத்தாங்களா?"

"போனதைப் பாத்தாங்க."

சகுந்தலா ஒரு பெருமூச்சு விட்டாள். பொய் சொல்கிறவன் இதைவிட நல்ல கதை வைத்திருப்பான் என்று தோன்றியது. ஆனால் தோன்றுவதை எல்லாம் எந்தக் கோர்ட்டும் வாங்கிக்கொள்வதில்லை.

ஜீப்பில் ஏற்றினாள்.

*

டி.எஸ்.பி. போனில் சுருக்கமாகச் சொன்னார். சண்டை இருக்கிறது. ஹாலுக்குப் போன ஆள் இருக்கிறான். ஆயுதம் அவன் கையால் செய்தது. சாயங்காலத்துக்குள் ராஜப்பாவைக் கோர்ட்டில் நிறுத்துங்கள்... பத்திரிகைக்காரர்கள் கேட்கிறார்கள்.

அடுத்த போன், பிணத்தைப் பார்த்த டாக்டர்.

"ஒரே அடி மேடம். கனமான பொருள். இரும்பு உலக்கை மாதிரி."

"மரச்சிலை டாக்டர்."

"மரமா?" பேப்பரைப் புரட்டும் சத்தம் கேட்டது. "அப்போ அடிச்சவனுக்கு நல்ல தெம்பு."

சகுந்தலா பேப்பரில் 'நல்ல தெம்பு' என்று எழுதிக்கொண்டாள். லாக்கப்பில் ராஜப்பா இருமிக்கொண்டிருந்தார்.

ஜோஸ் உள்ளே வந்தார். ஒரு கையில் இரண்டு டீ டம்ளர்கள். பிளாஸ்டிக் கவரில் கட்டிய புலவர் சிலை, நியூஸ்பேப்பர் மாதிரி அக்குளில் செருகியிருந்தது.

"இதை எங்க வைக்கிறது மேடம்?"

"பீரோவுல வைங்க."

எதையோ யோசிக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது... தூக்கம் அதைத் தள்ளிவிட்டது.

அப்போதுதான் பாக்யலட்சுமி வந்தாள்.

ராஜப்பாவின் மனைவி. அழுவாள், காலில் விழுவாள் என்று சகுந்தலா எதிர்பார்த்தாள். அவள் இரண்டும் செய்யவில்லை. லாக்கப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். கொண்டுவந்த சாப்பாட்டு டப்பாவை ஜோஸிடம் கொடுத்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"மேடம், என் வீட்டுக்காரரு அடிக்கல. அதை நீங்க நம்பினா நம்புங்க, நம்பாட்டி போங்க. நான் வந்தது வேற விஷயம்."

"இன்னாம்மா?"

"மத்தியானம் லாரி வந்துடும். பெட்டியில கீற புலவருங்களை அப்படியே ஏத்தப் போறாரு மனோகர் அண்ணா. பொணம் கெடந்த ரூம்ல ராத்திரி முழுக்க இருந்திருக்காங்க. தலை முழுகாம எப்படிப் போவாங்க?"

"அது சிலைம்மா."

"மைன்ஸ்ல ஆள் செத்துட்டா, பொணத்தை மேல ஏத்தின கேஜை, அந்த இரும்பு லிஃப்டை, கழுவி விடாம அடுத்த ஷிப்டு ஏற மாட்டாங்க. எங்க மாமனாரு சொல்வாரு. இரும்புக்கே முழுக்கு உண்டு. புலவருக்கு இல்லையா? நாளைக்கு அந்தச் சங்கத்துக்காரங்க குழந்தைகுட்டியோட அவரு எதுர்ல நிப்பாங்க."

ஹாலில் லைன் பெண்கள் எல்லாரும் கூடி லாரியை மறிக்கக் காத்திருக்கிறார்களாம். மனோகர் கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் போதும் என்கிறாராம். பாலிஷ் கெட்டுவிடுமாம்.

"அவரு சொல்றதும் சரிதானே? தெளிச்சா போதாதா?"

"சாவு வீட்டுக்குப் போய்ட்டு வந்து, மூஞ்சில தண்ணியத் தெளிச்சிக்கினு அடுப்படிக்குப் போவீங்களா மேடம்?"

சகுந்தலா யோசித்தாள்.

"மாட்டேன்."

வாதாடத் தெம்பில்லை. தவிர, கொலை நடந்த இடத்தில் இருந்த பெட்டிகள். திறந்து பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை. அந்த உறுத்தல் வேறு.

"ஜோஸ்... வண்டியை எடுங்க. கடப்பாரை ஒண்ணு போட்டுக்குங்க."

*

ஹாலுக்கு வெளியே லாரி வந்து நின்றிருந்தது. பக்கத்தில் நீல நிற டிரம் தயாராக இருந்தது. டேங்கரில் வரும் பேத்தமங்களா ஏரித் தண்ணீர். டேங்கர் வந்து எத்தனையோ நாளாகிறது. வீட்டுக்கு ஒரு குடமாகக் கொண்டுவந்து பெண்கள் நிரப்பியிருந்தார்கள்.

மனோகர் கைகூப்பினார். லாரி கிளம்பாவிட்டால் கப்பல் போய்விடும் என்றார். மஞ்சள் தண்ணீர் தெளிக்கத் தானே ஐயரைக் கூட்டி வருவதாகச் சொன்னார். கடைசியில், தமிழனுக்கு மூட நம்பிக்கை கூடாது என்றும் சொன்னார்.

யாரும் காதில் வாங்கவில்லை.

ஜோஸ் முதல் பெட்டியை நெம்பினார். பிளாஸ்டிக் தாளைப் பிரித்தார். சிலையைத் தூக்கினார்.

"அம்மாடி... புலவரு நல்லா சாப்பிட்டிருக்காரு."

பாக்யலட்சுமி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"எறக்குங்க சார். மரம்தானே, மெதந்துக்கினு வரும். நான் தலையைப் புடிச்சி அழுத்தறேன்."

ஜோஸ் சிலையை டிரம்முக்குள் இறக்கினார். கையை விட்டார்.

டொம்!

டிரம்மின் அடியிலிருந்து வந்தது அந்தச் சத்தம்.

பாக்யலட்சுமி கைகளை நீட்டியபடி காத்திருந்தாள். தண்ணீர் அலையடித்து அடங்கியது.

புலவர் வரவில்லை.

"இன்னாடி இது, கல்லு மாதிரி போயிடுச்சு?" பார்வதம்மா எட்டிப் பார்த்தாள்.

இரண்டாவது சிலை. டொம்!

மூன்றாவது. டொம்!

சகுந்தலாவின் தூக்கம் போய்விட்டது.

அக்குளில் செருகிய சிலை... கையில் டீ டம்ளர்கள்... இரும்பு உலக்கை மாதிரி...

"ஏம்மா, உங்க வீட்டுக்காரரு எந்த மரத்துல செஞ்சாரு?"

"மலைவேம்பு மேடம். குழந்தை கூட தூக்கும்."

சகுந்தலா நான்காவது சிலையைத் தலைகீழாகத் திருப்பினாள். ஜீப் சாவியால் அடிப்பாகத்தை அழுத்திச் சுரண்டினாள். பழுப்புப் பாலிஷ் உதிர்ந்தது.

உள்ளே... ரத்தச் சிவப்பு!

"செம்மரம்," என்றார் ஜோஸ் மெதுவாக. ஆந்திர எல்லைச் செக்போஸ்ட்டில் வேலை பார்த்தவர் அவர். "தண்ணியில முங்கற மரம் மேடம். காட்டுலேந்து வெட்டிக் கொண்டாந்தாலே ஜெயிலு."

எல்லாரும் மனோகரைப் பார்த்தார்கள்.

மனோகர் சிரிக்க முயன்றார். தன் ஆட்கள் ஏமாற்றிவிட்டார்கள் என்றார். எந்த மரம் என்று தனக்குத் தெரியவே தெரியாது என்றார். தப்பு நடந்திருந்தால் அபராதம் கட்டிவிடுவதாகவும், அதற்கும் கொலைக்கும் சம்பந்தமில்லை என்றும் சொன்னார்.

பேச்சு நன்றாகத்தான் இருந்தது.

ஐந்தாவது சிலையும் மூழ்கியது.

ஆறாவது சிலையைப் பிளாஸ்டிக் தாளிலிருந்து உருவியவள் பாக்யலட்சுமி. உருவியதும் முகம் சுளித்தாள்.

"சீ... இது இன்னும் காயவே இல்ல. கையெல்லாம் ஒட்டுது பாருங்க."

உள்ளங்கைகளை விரித்துக் காட்டினாள். இரண்டிலும் பழுப்பு. புலவரின் கொண்டையிலும் தாடியிலும் மட்டும் பாலிஷ் பிசுபிசுத்தது. மற்ற இடமெல்லாம் நன்றாகக் காய்ந்திருந்தது.

சகுந்தலா அந்தக் கைகளைப் பார்த்தாள். பிறகு மனோகரின் நகங்களைப் பார்த்தாள்.

அதே பழுப்பு!

"மனோகர் சார், வெத்தலை போடுவீங்களா?"

அவர் குழம்பிப்போய் இல்லை என்று தலையாட்டினார்.

"பாலிஷ் போடறவன் செத்துக் கெடக்கான். பாலிஷ் மட்டும் இன்னும் காயல. அவன் எழுந்து வந்து போட்டானா, நீங்க போட்டீங்களா?"

மனோகர் லாரி பக்கம் திரும்பினார். ஓடலாமா என்று யோசித்தது போலிருந்தது. அவருக்கும் லாரிக்கும் நடுவில் காலிக் குடங்களோடு பெண்கள் நின்றார்கள்.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும்போது சிவகுமார் உள்ளே சிவப்பைப் பார்த்துவிட்டான். பங்கு கேட்டான். கேட்டுவிட்டு விசிலடித்துக்கொண்டே வேலையைத் தொடர்ந்தான். அந்த விசில்தான் தாங்கவில்லை என்றார் மனோகர். கைக்குக் கிடைத்த சிலையால் அடித்தார். ஒரே அடி. அதைப் போலீஸ் கையில் விட்டால் மரம் தெரிந்துவிடும். மேடையிலிருந்த ராஜப்பாவின் சிலையை எடுத்து, அதன் கொண்டையில் ரத்தத்தைத் தடவி, பிணத்தின் பக்கத்தில் போட்டார். அடித்த சிலையைக் கழுவினார். கழுவிய இடத்தில் பாலிஷ் போய்விட்டது. சிவகுமார் கலக்கி வைத்திருந்ததையே எடுத்துப் பூசி, ஈரத்தோடு தாளில் சுற்றி ஆணி அடித்தார்.

கொலையை மறைப்பதற்கு முன்னால் சரக்கை மறைக்க நினைத்த வியாபாரி!

*

சாயங்காலம் கோர்ட்டுக்குப் போன ஜீப்பில் மனோகர் இருந்தார்.

ராஜப்பா ஸ்டேஷன் வாசலில் நின்று செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். பாக்யலட்சுமி அவரைத் தொடாமல் நான்கடி தள்ளி நின்றாள். லாக்கப்பில் இருந்துவிட்டு வந்திருக்கிறார், வீட்டுக்குப் போய் முதலில் முழுக வேண்டும்.

"ஏம்மா," சகுந்தலா கேட்டாள், "அது முங்கிடும்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரிஞ்சா நானே எதுக்கு மேடம் அழுத்த வர்றேன்?" என்றாள் பாக்யலட்சுமி. "நாலு வீட்டுக்கு நாளைக்குக் குடிக்கத் தண்ணி இல்ல. அந்த டேங்கருக்காரனுக்கு ஒரு போன் போடுங்க."

சகுந்தலா போட்டாள்.

பிறகு நாற்காலியில் சாய்ந்து, ஒருவழியாக ஷூவைக் கழற்றினாள்.

ஜோஸ் எழுதிக்கொண்டிருந்தார். நிமிர்ந்தார்.

"மேடம், ஆளைப் புடிச்சிக் குடுத்ததே புலவருதான். சாட்சியில அவரு பேரையும் சேத்துடவா?"

"சேருங்க."

"வயசு?"

சகுந்தலா கண்களை மூடிக்கொண்டாள்.

"ரெண்டாயிரம்னு போடுங்க. நம்ம கோர்ட்ல வாய்தா எல்லாம் முடியற வரைக்கும் உயிரோட இருக்கப் போற சாட்சி அவரு ஒருத்தர்தான்!"