எறக்கம் கேட்ட வேன்

இரத்தோட்டைக்கு மேலே, கித்துல் மர வளைவில் வேன் மறுபடியும் நின்றுவிட்டது. விஜேந்திரனுக்குக் கோபப்படக்கூடத் தெம்பில்லை. ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு, பக்கத்தில் இருந்த, அண்ணன் முறையில் அவன் ‘நானா’ என்று கூப்பிடும் மெக்கானிக் நுஹ்மான் பாஸிடம், “பாத்தீங்களா, நானா?” என்றான்.

கிலோமீட்டர் முள் என்றைக்கோ ஓடிக் களைத்து நின்றுபோன கிழட்டு வேன். பாஸின் கராஜில் சோதித்தபோது நாலு சிலிண்டரிலும் கம்ப்ரெஷன் நன்றாகவே இருந்தது. கொஞ்ச நாளாக, ஏற்றத்தில் இந்த இடத்துக்கு வந்தால் மட்டும் இழுவை செத்துவிடும். திருப்பிக் கீழே உருட்டினால், ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடும். மேலே தோட்டத்து லய வீட்டில் அவன் மனைவி நிஷாந்திக்கு நிறைமாசம். தோட்டத்தில் வேறு வாகனம் கிடையாது. வலி வருகிற அன்றைக்கு இந்தச் சனியன் காலை வாரினால் என்ன செய்வது? அந்த நினைப்பிலேயே அவனுக்குத் தூக்கம் போய்விட்டது. அதனால்தான் பாஸைக் கையோடு கூட்டி வந்திருந்தான்.

“நிண்ட எடத்துலயே பாத்துருவம்” என்று பாஸ் முன் சீட்டைத் தூக்கினார். இன்ஜெக்டரைக் கழற்றிய துளையில் கம்ப்ரெஷன் அழுத்தம் பார்க்கும் மீட்டரைப் பூட்டி, ஸ்டார்ட்டர் அடிக்கச் சொன்னார். ஒன்றாவதும் இரண்டாவதும் பழுதில்லை. மூன்றாவதில் முள் அசையவே இல்லை.

“காத்து எங்கயோ போவுது தம்பி. போற எடத்தக் காதாலதான் பிடிக்கணும். திரும்ப அடிங்க.”

பாஸ் சைலன்சர் பக்கம் குனிந்து கேட்டார். அங்கே இல்லை. எண்ணெய் மூடியைத் திறந்தார், அங்கேயும் இல்லை. ரேடியேட்டர் தண்ணீரில் ஒரு குமிழிகூட வரவில்லை. ஆனால் சத்தம் மட்டும் கேட்டது. உஸ்... உஸ்... என்று மெல்லிய விசில். மலையிலிருந்து பனிமூட்டம் இறங்கி வேனைச் சூழ்ந்தது. எங்கிருந்தோ தைல வாசனை அடித்தது.

“ஸ்டார்ட்டர விடுங்க.”

விட்டான்.

விசில் நிற்கவில்லை.

அது வேனுக்குள்ளிருந்து வந்தது. நடு சீட்டில், ஜன்னலோரம், ரெக்சின் அமுங்கிக் கிடந்தது. விசிலுக்கு ஒத்தாற்போல் மெல்ல ஏறி இறங்கியது.

விஜேந்திரனுக்கு அந்தச் சீட்டு நினைவிருந்தது. போன மாதம், இழுப்பு வந்து நெஞ்சு நிறையத் தைலம் பூசியிருந்த பக்கத்து லயத்து நல்லம்மாக்காவை மாத்தளை ஆஸ்பத்திரிக்கு அவன் கொண்டுபோனது இந்தச் சீட்டில்தான். இந்த வளைவில்தான் அவள் மூச்சு நின்றது. இனி எதுக்குப் போவணும் என்று கூட வந்தவர்கள் அழ, வண்டியைத் திருப்பி லயத்துக்கே கொண்டுபோய்விட்டான்.

“எறக்கம்.”

காற்றோடு காற்றாக வந்தது அந்தச் சொல். “யா அல்லா” என்று பாஸ் வாய்க்குள் முனகினார்.

இறங்க வேண்டியவர்கள் பஸ்ஸிலும் வேனிலும் சொல்கிற சொல்தான். விஜேந்திரன் கதவை இழுத்துத் திறந்தான். “எறங்குங்கக்கா... ஒங்க லயம் கிட்டத்தான் இருக்கு.”

யாரும் இறங்கவில்லை. விசில் இன்னும் கூடியது.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. நிஷாந்திக்கு வலி கண்டுவிட்டது. வேனைக் காணாமல், லயத்து ஆட்கள் அவளைக் கம்பளியில் வைத்துத் தூக்கி வருகிறார்களாம்.

“கடவுளே, இப்பவா!”

“எறக்கம்.”

இந்த முறை அது கெஞ்சியது.

விஜேந்திரன் ரோட்டைப் பார்த்தான். வேனின் மூக்கு ஏற்றத்தைப் பார்த்து நின்றது.

“நானா, அவங்க வீட்டுல எறங்கக் கேக்கல. எறக்கத்துல போவச் சொல்றாங்க. ஆஸ்பத்திரிக்குன்னு ஏத்திட்டு, நம்ம கொண்டுபோவவே இல்லயே!”

கம்பளியோடு வந்தவர்கள் நிஷாந்தியை ஏற்றிவிட்டு, வேனைத் தள்ளிக் கீழ்நோக்கித் திருப்பினார்கள். விஜேந்திரன் ஸ்டார்ட்டரைத் தொட்டான். மீட்டர் முள் துள்ளி ஏறியது. பாஸ் மீட்டரைக் கழற்றிவிட்டு இன்ஜெக்டரைப் பூட்டினார்.

கீழே போகும்போது விஜேந்திரன் கண்ணாடியில் பார்த்தான். அவ்வளவு பெரிய சீட்டில் நிஷாந்தி ஒரு ஓரமாக ஒடுங்கியிருந்தாள்.

“நல்லாத் தள்ளி ஒக்காரேன்ம்மா.”

“அப்ப அக்கா எங்க ஒக்காருவாங்க?” என்று வலியோடு கேட்டாள்.

அவன் அதற்குப் பிறகு கண்ணாடியைப் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் அவளை இறக்கியபின், அக்காவும் இறங்கட்டும் என்று வேனின் கதவைக் கொஞ்ச நேரம் திறந்தே வைத்திருந்தான். பனிமூட்டம் இல்லாத வெயிலிலும் தைலம் மணத்தது.

பொம்பளப் புள்ள. தாயும் பிள்ளையும் சுகம். வீட்டுக்குக் கூட்டி வந்த அன்று கித்துல் மர வளைவில் அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டான். வேன் முக்கக்கூட இல்லை, இளவட்டம் மாதிரி ஏறியது. அப்பாடா என்று அவனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கைகால் அசந்துபோய், இனி வீட்டில் போய் விழுந்து தூங்க வேண்டும் என்பது தவிர வேறு நினைப்பில்லை. நல்லம்மாவின் லயத்தைத் தாண்டப் பார்த்தான்.

“எறக்கம்.”

நிஷாந்தி தூங்கும் பிள்ளையை மாரோடு அணைத்தபடி, முழங்காலை ஒதுக்கி வழிவிட்டாள்.

“நிப்பாட்டுங்க. அக்கா வீடு வந்துருச்சு.”

அவன் பிரேக்கை மிதித்தான். பின்னால் கதவு மெல்லத் தள்ளித் திறக்கும் சத்தம் கேட்டது.